பன்னிரண்டு கோப்பைகள்

அடிஸ் அபாபாவில் அந்தக் காம்பவுண்டுக்கு செனாய்த் குடிவந்து மூன்று வருஷமாகிவிட்டது. தினமும் யாராவது ஒருவர் வீட்டில் காப்பிக்கொட்டை வறுபடும். எல்லாரும் அங்கே கூடிவிடுவார்கள். அவளுக்கு மட்டும் வாசல் தாண்டினாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆசையாக வாங்கிய பன்னிரண்டு கோப்பைகளும் பெட்டி பிரிக்காமலே கிடந்தன.

நேற்று குழாயடியில் எப்படியோ தைரியம் வந்துவிட்டது.

"நாளைக்கு... நம்ம வீட்ல காப்பி. எல்லாரும் வருவீங்களா?"

பேச்சு சட்டென்று நின்றது. பக்கத்து வீட்டு எத்தெனேஷ் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வராம இருப்பமா? விடிஞ்சதும் வந்துடறோம். நீ வேலைக்குக் கிளம்பிடாதே."

விடியும் முன்பே கதவைத் தட்டினார்கள். வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு மொத்தக் காம்பவுண்டும் வந்திருந்தது! செனாய்த்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"உக்காருங்க, இதோ கொட்டை வறுத்துடறேன். சோளப்பொரி எடுத்துக்குங்க. ஐயோ, கோப்பை பத்தாது போலிருக்கே!" மூன்று வருஷப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசினாள்.

பொரியை யாரும் தொடவில்லை. எத்தெனேஷ் அக்கா எழுந்து வந்து அவளை இறுக அணைத்துக்கொண்டாள்.

"அடுப்பை அணைச்சிடு தங்கம். சாவுச் சேதியைத் தனியா இருக்கறவகிட்ட சொல்லக்கூடாது. விடியக்காலையில எல்லாருமா கூடி வந்துதான் சொல்லணும். நேத்து நீ குழாயடிக்கு வர்றதுக்குச் சித்த முன்னாடிதான் உன் ஊர்லேருந்து எனக்குப் போன் வந்துச்சு. உங்கம்மா..."

செனாய்த் கையிலிருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ... நீங்கள்லாம் காப்பிக்கு வரலையாக்கா?"