ஏழாவது குரல்

பறவைக் கழகத் தலைவர் குளிக்கும்போதுகூட பைனாகுலரைக் கழற்றமாட்டார் என்பது அவர் மனைவி பரப்பிய செய்தி. வலசைக் காலம் வந்துவிட்டால், கழகத்தின் மொட்டைமாடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். இரவில் கடந்துபோன பறவைகளின் குரல்களைக் காலையில் எல்லோரும் கூடிக் கேட்பார்கள்.

அன்று உறுப்பினராகச் சேர வந்த தையல்காரம்மாவுக்கு அதுதான் தேர்வு. ஏழு குரல்களையும் அடையாளம் சொன்னால்தான் இடம். கையிலிருந்த சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, "உள்ளான், ஆட்காட்டி, ஆலா" என்று தொடங்கி ஆறு குரல்களைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

"அடேங்கப்பா!" என்றார் பொருளாளர்.

ஏழாவது, கரகரப்பாக ஒரு குரல்.

"வக்கா. நாப்பது வருஷ அனுபவம் சொல்லுது," என்று முந்திக்கொண்டார் தலைவர்.

"இல்லைங்கய்யா. இது நீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் பதிவை மறுபடி ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டினார். நல்ல உயரத்தில், பறவைகளோடு பறவையாக, தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டே கடந்து போனார்.

தலைவர் உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "நான்தானே முன்னாடி போறேன்?"

"கடைசியில வர்றீங்க. ஆனா ஐயா, ரொம்ப அழகாப் பறக்குறீங்க."