வேண்டா எடுத்த முடிவு

"அவரு வாயால சொல்றத என் காதால கேக்கணும். அப்புறந்தான் வூட்டுக்குப் போறதா, செய்யூருக்கே பஸ் ஏறுறதான்னு சொல்லுவேன்."

இப்படிச் சொல்லிவிட்டு, வேண்டா துணிப்பையோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

கடப்பாக்கம் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூட்டம் நடக்கும். குடியை விட நினைக்கிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். மதுவிலக்கு மறுபடி வந்து ஒரு வருஷமாகியும் சவுக்குத் தோப்புக்குள் சாராயம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

கூட்டத்தை நடத்துபவள் வசுமதி. செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வரும் சமூக சேவகி. ஊரார் அவளை டாக்டரம்மா என்றார்கள். அவளும் திருத்திப் பார்த்து அலுத்துவிட்டாள்.

வேண்டாவின் புருஷன் துரை, சவுக்குக் கட்டை ஏற்றும் வண்டிக்காரர். குடித்துவிட்டு வந்து எரிகிற அடுப்பை உதைத்துத் தள்ளிய அன்று அவள் செய்யூரிலுள்ள தாய் வீட்டுக்குப் போனவள்தான். இப்போது துரை சாராயத்தைத் தொட்டுப் பல மாதமாயிற்று. வசுமதியே செய்யூருக்குப் போய், "ஆளே மாறிட்டார், வந்து பாரு" என்று சொல்லி வரவழைத்திருந்தாள்.

"இன்னிக்குத் துரை முதல்ல பேசட்டும்" என்றாள் வசுமதி.

துரை எழுந்தார். மனைவியைப் பார்த்தார். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருப்பார் போல, முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

அப்போதுதான் கியாசுதீன் வந்தார். வாடகை சைக்கிள் கடைக்காரர்; அவரும் கூட்டத்துக்கு வருபவர்தான். உள்ளே வராமல் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்.

"வாங்க பாய், உள்ள வாங்க" என்றாள் வசுமதி. அவர் அசையவில்லை. "சரி, நீங்க சொல்லுங்க துரை."

துரை வாசலில் நின்றவரை உற்றுப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னாத்த சொல்றது? நேத்து குடிச்சிட்டேம்மா."

ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"இன்னாய்யா, உன்னைப் பாத்துத்தானே நாங்கல்லாம் வந்தோம்!" என்று ராமதாஸ் எகிறினார். "பொண்டாட்டி வர்ற நாளும் அதுவுமா ஊத்திக்கினு வந்து நிக்கிறியே, மனுசனாய்யா நீ?"

யாரும் யாரையும் திட்டக் கூடாது என்பது கூட்டத்தின் முதல் விதி. அதைப் போட்டவளே வசுமதிதான்.

"இன்னிக்குப் பார்த்தா இப்படி, துரை? உங்களை நம்பி ஊர் விட்டு ஊர் போய்ப் பேசினேனே, என் முகத்துல கரியைப் பூசிட்டீங்களே!" என்று அவளும் வெடித்தாள்.

துரை, "குடிச்சேன். ஆனா திரும்பி வந்துட்டேன். வுட்டுட்டு ஓடல. அவ்ளோதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கியாசுதீன் உள்ளே வந்து, துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வாயில் சாராயம் நாறியது.

"நானும்தாம்மா. மூணு நாளா குடிச்சிக்கினு கீறேன்." என்றார். "எல்லாரும் தேறிட்டாங்க, நான் ஒருத்தன்தான் தேறாத பொணம்னு நெனச்சேன். பள்ளிவாசல் பக்கம் போவ மூஞ்சி இல்ல. கோட்டைப் பக்கம் கடல்ல எறங்கி உசுர வுட்டுடலாம்னு போய்க்கினு இருந்தேன். போற வழில சும்மா ஒரு தபா எட்டிப் பாத்துட்டுப் போவலாம்னு..."

மேலே பேச முடியாமல் அழுதார். துரை அவர் முழங்காலில் கை வைத்தார். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். ராமதாஸ் தன் துண்டை எடுத்து நீட்டினார். கியாசுதீன் அன்று முழுக்கப் பேசினார். அடுத்த வாரமும் வருவதாகச் சொன்னார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. துரை அதைப் பார்த்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

வசுமதி வெளியே ஓடினாள். வேண்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"வேண்டா, நில்லு! நான் சொன்னதை நம்பி வந்தே, என்னை மன்னிச்சிடு. அந்த ஆளுக்கு இன்னும் ஒரு தடவை..."

"நீ சொன்னத நான் எங்கம்மா நம்பினேன்?" வேண்டா நின்று திரும்பினாள். "நேத்து மத்தியானமே வந்துட்டேன். அவருக்குத் தெரியாது. எதுத்த வூட்டு சந்திரம்மாகிட்ட சொல்லிட்டு, அவ வூட்டு ஜன்னலாண்ட உக்காந்து பாத்துக்கினே இருந்தேன். பொழுது சாய நெதானமா நடந்து வந்தாரு, கஞ்சி வச்சாரு, வாசல்லயே படுத்துட்டாரு. காலைல எழுந்து வூட்டைப் பெருக்கி, எனக்குன்னு தண்ணி கூட எடுத்து வச்சாரு. நேத்து அவரு குடிச்சது கஞ்சிம்மா."

வசுமதி திகைத்துப்போய் வகுப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே கியாசுதீனின் சட்டைக் காலரைத் துரை சரிசெய்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ இப்ப எங்கே கிளம்பிட்டே?"

வேண்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிச்சிட்டு வந்து குடிக்கலன்னு என் தலைல அடிச்சி சத்தியம் பண்ண மனுசன்மா அவரு. இன்னிக்குக் குடிக்காமலே குடிச்சேன்னு சொல்லிக்கினு நிக்கிறாரு. வூட்டுக்குப் போயி உலை வைக்கணும், வுடு!"