பொம்மை கட்டிய சேலை

ஒக்டோபர் 14, செவ்வாய். நிரஞ்சலா இன்று ஒரு சிறு தவறு செய்கிறாள்: யாரையும் கேட்காமல் கடைப் பொம்மையின் சேலையில் கைவைக்கிறாள்.

பதுளைக் கடைவீதியில் மழை. புடைவைக் கடையின் முன்கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சம். போன மாதம்வரை இங்கே பொம்மைகளுக்கு உடுத்திவிட்டவள் அவள்தான். கூட இருந்த இருவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, அவளைச் சேலை விற்கும் மேசைக்கு இறக்கிவிட்டார்கள். இப்போது கொழும்புத் தலைமைக் கடை அனுப்பும் படத்தைப் பார்த்து யாரோ உடுத்திவிட்டுப் போகிறார்கள். கொசுவம் கோணலாகவே நிற்கிறது. தீபாவளிக்குச் சேலை எடுக்க லுணுகலையிலிருந்து வந்த பெண் அசைவதாயில்லை. "பொம்ம கட்டியிருக்கிறதுதான் வேணும் தங்கச்சி. பெட்டியில உள்ளது சாயம் வேற." பக்கத்து மேசை ஷம்ரா கிசுகிசுக்கிறாள்: "தொடாதீங்க அக்கா, உங்களையும் வீட்டுக்கு அனுப்பிருவாங்க." நிரஞ்சலா அதற்குள் கண்ணாடிக்குள் ஏறி, பொம்மையின் சேலையில் குத்தியிருந்த குண்டூசிகளைக் கழற்றி உதட்டிடையே வைத்துக்கொள்கிறாள். சேலை சரிந்து இறங்குகிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் குடைக்கடியிலிருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். "ஐயோ பாவம், அதுக்குக் குளிருது!" என்று லுணுகலைக்காரி சிரிக்கிறாள். நிரஞ்சலா கைக்கெட்டிய பச்சைச் சேலையை உதறி, பொம்மையின் இடுப்பில் சுற்றுகிறாள். "யாரக் கேட்டுத் தொட்டீங்க?" படியிலிருந்து மேலாளரின் குரல். "காலையில மேல வந்து என்னப் பாருங்க." நிரஞ்சலா கடைசி மடிப்பைச் செருகுகிறாள், கொசுவம் நேராக விழுகிறது.

நாளை எட்டரைக்கு மேலாளரிடம் போக வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். பழைய வேலையையும் கேட்க வேண்டும்.