மக்கிப் போன பை

"ஜவ்வரிசி ஆலைக் கழிவுக் குட்டையில கெளம்புற வாயு பூமியையே சூடாக்குதுங்க பாய். அதைப் புடிச்சு ஒரு கிருமிக்குத் தின்னக் குடுக்கறோம். அது உடம்புல சேர்ற பொருள்ல செஞ்சதுதான் இந்தப் பை. மண்ணுல போட்டா மூணே மாசத்துல மக்கிடும்" என்றான் கம்பெனி ஆள் மாதேஷ்.

பொம்மிடியில் வீட்டு முன்னறையிலேயே கேரிபேக் கடை நடத்தும் அப்துல் சுபானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நாத்தத்துல பையா? யார் காதுல தம்பி பூ சுத்தற?"

ஆனாலும் பச்சை இலை படம் போட்ட அந்த சாம்பிள் பையை, யாருக்கும் தெரியாமல் கொல்லை முருங்கை மரத்தடியில் புதைத்து வைத்தார்.

மூன்று மாதம் கழித்துத் தோண்டினார். முழங்கை ஆழம் போயும் ஒரு துணுக்குகூட இல்லை!

அன்றே கடை கொள்ளாத அளவுக்கு ஆர்டர் போட்டார். வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "என் கண்ணால பாத்தேன். மக்கிடும், நான் கேரண்டி!" என்று முழங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி பரிதா, "ஏங்க, கறி வாங்கிட்டு வாங்க" என்று பையை நீட்டினாள்.

பச்சை இலை படம் போட்ட பை.

"இது... ஏது?"

"எவனோ கூறு கெட்டவன் நம்ம முருங்கை மரத்தடியில புதைச்சு வச்சிருந்தான். இவ்ளோ நல்ல பையை வீணாக்க யாருக்கு மனசு வரும்? அலசிக் காயப்போட்டு, மாவு மில்லுக்கும் மீன் கடைக்கும் மூணு மாசமா இதைத்தான் கொண்டுபோறேன். துளிகூடக் கிழியலிங்க!"

வாசலில் லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது.

"பாய், சரக்கு வந்திருச்சுங்க!"