பல் கூசும் ஒயின்

“யாருங்க எழுதினது இதை? ‘முதல்முறை குடிப்பவர்கள் தவிர்க்கவும். பல் கூசும்.’ என் ஒயினைப் பத்தி இப்படி எழுத யாருக்கு இவ்வளவு தைரியம்?”

ஒயின் தயாரிப்பவர், அலமாரியிலிருந்து பிடுங்கிய அட்டையைக் கடைக்காரியின் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

“வாங்குறவங்கதான் எழுதுறாங்க, சார். புதுசா வர்றவங்களுக்கு லேபிளைப் பார்த்தா ஒண்ணும் புரியல. அதான் குடிச்சவங்களையே ரெண்டு வரி எழுதச் சொன்னேன்.”

“அதுக்கு? கண்டவங்க பேச்சைக் கேட்டு என் பிழைப்புல மண்ணள்ளிப் போடுவீங்களா?”

அவளுக்கும் கோபம் தலைக்கேறியது. “கண்டவங்க இல்ல, வாராவாரம் வர்ற அம்மா. பக்கத்துல இருக்கிற வேற கம்பெனி பாட்டிலுக்கும் அவங்கதான் எழுதினாங்க, ‘பயப்படாமல் வாங்கலாம்’னு. அதைத்தான் அவங்களும் வாங்கிட்டுப் போவாங்க!”

அவருடைய கை மெல்லத் தாழ்ந்தது.

“வேற யாரோ எழுதினாங்கன்னு சொல்லிட மாட்டீங்களான்னுதான்மா இவ்வளவு கத்தினேன். பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, இது என் வீட்டுக்காரி கையெழுத்து. இருபது வருஷமா என் ஒயினைக் குடிச்சிட்டு, ‘இதுக்கு ஈடே இல்லைங்க’ன்னு சொல்றவ.”

காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

“அவ வாங்கிட்டுப் போற பாட்டில்ல எனக்கும் ஒண்ணு குடுங்களேன்.”