எது முந்தி?

“ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள்ல நூத்துக்கு ஏழு பேருக்கு எச்.ஐ.வி. இருக்கு. பண்ணிக்காதவங்கள்ல மூணே பேருக்கு. இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு?”

இயக்குநர் கணக்கெடுப்பு அறிக்கையை மேசைமேல் விட்டெறிந்தார். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க நடத்திவந்த, ஆண்களுக்கான முன்தோல் நீக்க முகாம்களை இழுத்து மூடும் உத்தரவு அவருடைய கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

புள்ளியியல் அதிகாரி எழுந்து நின்றாள். “சார், ஆபரேஷன் ஆச்சான்னுதான் கேட்டிருக்கோம். எப்போ ஆச்சுன்னு கேக்கவே இல்ல. நோய் வந்தப்புறம் பண்ணிக்கிட்டவங்களும் அந்த ஏழுல இருக்கலாம்.”

“நோய் வந்தப்புறம் எதுக்கும்மா கத்திகிட்ட போறான்? பஸ் போனப்புறம் டிக்கெட் எடுக்கிற கதையால்ல இருக்கு.”

சிரிக்க வேண்டிய இடம் என்பதால் எல்லோரும் சிரித்தார்கள். இயக்குநரைப் பொறுத்தவரை எண்கள் இரண்டே வகை. அவர் சொல்வதை ஒப்புக்கொள்பவை ஒன்று. மற்றவை தட்டச்சுப் பிழை.

துணை இயக்குநர் மட்டும் தண்ணீர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தங்கையைக் கட்டிக்கொடுத்த கையோடு இந்த நாற்காலியையும் கொடுத்தவர் இயக்குநர்தான் என்று வராந்தாவில் பேச்சு உண்டு. கூட்டங்களில் அவர் வாய் திறப்பதே “சரிங்க சார்” என்பதற்குத்தான்.

இன்று வேறு ஏதோ சொன்னார். “பொண்டாட்டிக்கு ஒட்டிடக்கூடாதேன்னு போய்ப் பண்ணிக்கிறவங்க இருக்காங்க, சார். அதையெல்லாம் இது தடுக்காதுன்னு அவங்களுக்குத் தெரியாது.”

“நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா?” இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். “அப்படி ஒரே ஒரு மடையனைக் காட்டுங்க. உத்தரவை இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன்.”

இயக்குநரின் பார்வை புள்ளியியல் அதிகாரி பக்கம் திரும்பியது. “இவ்வளவு உறுதியாச் சொல்றியே, யாரும்மா அது? உன் வீட்டுக்காரரா?”

இந்தத் தடவை சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் உட்காரவில்லை.

துணை இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “அவங்களை விட்டுடுங்க” என்றார்.

“அந்த மடையன் நான்தான், மச்சான்.”