யெசேனியாவின் இடுப்புத்துணிகள்

“பிள்ளையைக் கவிழ்த்துப் போடு!” என்றார் காவலர் சாத்தூர்னினோ.

சிறைவாசல் மேஜைமேல் என் யெசேனியாவைக் கவிழ்த்தேன். ஐந்து மாதக் குழந்தை. இடுப்புத்துணியின் பின்பக்கம் ‘டொக்’கென்று முத்திரை விழுந்தது. சிறையின் பெயர், தேதி. அதற்குக் கீழே, முத்திரைக்கும் தொட்ட அதே மையில், உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பேர் எழுதும் கறுப்பு மையில், குச்சியைத் தோய்த்து எழுதினார்: ‘எலோய் வாமானைப் பார்க்க வந்த மகள்.’

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“ஐயா, எங்களுக்குப் போடுற மாதிரி அவளுக்கும் கையில போடுங்களேன். சோப்புப் போட்டா போயிடும்.”

“போயிடும்ல? அதான் துணியில போடுறேன். முத்திரை இல்லாம எந்த ஆளும் உள்ள போகக்கூடாது. இவ ஆள் இல்லையா?”

“வீட்டுல துணிக்கே பஞ்சம்யா.”

“அப்ப பிள்ளையை வீட்டுல விட்டுட்டு வா. அடுத்தது யாரு?”

சனிக்கிழமை தவறாமல் இதே கூத்து.

என் கணவர் செய்த குற்றம், ரொட்டி வாங்கப் போனது. அன்று அந்தத் தெருவில் ஊர்வலம். லாரியில் வந்த சிப்பாய்கள் எல்லாரையும் வாரிக்கொண்டு போனார்கள். ஒரு வருஷமாக வழக்குமில்லை, விசாரணையுமில்லை.

வெள்ளைத் துணியில் கறை இருந்தால் பாவம் என்று கன்னியர் பள்ளியில் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். வேகவைத்தேன். எலுமிச்சம்பழம் தேய்த்தேன். வெயிலில் காயப்போட்டேன். மை அசையவில்லை என்று சிறைவாசல் வரிசையில் நின்று புலம்பியும் பார்த்தேன். அந்த மனுஷன் மீசை உதிர என்று சபித்துக்கொண்டே, கடைசியில் எல்லாவற்றையும் தரை துடைக்கப் போட்டேன்.

எனக்குப் பாடம் சொன்ன சிஸ்டர் பெர்பெத்துவாதான் என் சார்பில் வாஷிங்டனில் இருக்கும் மனித உரிமை ஆணையத்துக்கு மனு எழுதியவர். ஒருநாள் காலையில் கடிதமும் கையுமாக வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

“தெல்மா, அரசாங்கம் ஆணையத்துக்குப் பதில் போட்டிருக்கு. எலோய் வாமான்னு ஒருத்தரைப் பிடிக்கவே இல்லையாம். சிறைப் பதிவேட்டுலயும் பேர் இல்லையாம். ஆதாரம் இருந்தா அனுப்பச் சொல்றாங்க.”

 பிடிக்கவே இல்லாத ஆளை இனி என்ன வேண்டுமானாலும் செய்யலாமே! யார் கேட்பது?

“ஆதாரத்துக்கு நான் எங்க சிஸ்டர் போவேன்?”

அவர் என் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்னடி?”

“தரை துடைக்கிற துணி.”

“கீழ வை! இல்ல, மேல வை! ஐயோ, பிழியாதடி!”

பதினெட்டுத் துணி. பதினெட்டு சனிக்கிழமை. ஒவ்வொன்றிலும் சிறையின் பெயர், தேதி, என் கணவர் பெயர். சிஸ்டர் முக்காடு நழுவ நழுவச் சிரித்தார்.

“வாஷிங்டன்ல கோட்டுப் போட்ட பெரிய மனுஷங்க வரிசையா உட்கார்ந்து இதைப் படிக்கப் போறாங்க!”

“இன்னொரு தடவை அலசிட்டு அனுப்பலாம் சிஸ்டர். வாடை…”

“நீ அலசினது போதும், மகராசி!”

மூன்றே மாதம். ஆணையம் கேட்ட கேள்விக்கு அரசாங்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை. சிறைக்கதவு திறந்தது. மெலிந்து, தாடியும் மீசையுமாக என் கணவர் வந்து நின்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், “ரொட்டி எங்க?” என்றேன்.

“கடையில கூட்டம், தெல்மா” என்றார்.

மூன்று பேரும் வாசலைத் தாண்டப் போனோம்.

“ஏய், நில்லு!”

சாத்தூர்னினோ. எனக்கு உயிர் போய்விட்டது. பக்கத்திலேயே சிறை அதிகாரி வேறு நின்றிருந்தார்.

“பிள்ளையைக் கவிழ்த்துப் போடு!”

“இன்னைக்குமாய்யா? இன்னைக்காவது விடக்கூடாதா?”

“வெளிய போறதுக்கும் முத்திரை உண்டு.”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். ‘டொக்.’ அதே மை, அதே குச்சி. ‘எலோய் வாமான் விடுதலையாகி, மகளோடு நடந்தே போனார்’ என்று பொறுமையாக எழுதினார். பிள்ளையைத் தூக்கி என்னிடம் கொடுக்கும்போது குரல் தணிந்தது.

“இதுக்கும் எலுமிச்சம்பழம் தேய்ச்சுடாதம்மா. ‘சிறையிலிருந்து தப்பி ஓடிட்டான்’னு நாளைக்கு எழுதினாங்கன்னா, வாஷிங்டனுக்கு எதை அனுப்புவே?”